அறுபதுகளின் கடைசியில் கொழும்பு கேட்ட பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டு மேல்மாடியில் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்கிறோம். பன்னிரண்டு பதினைந்து பேர் வருவார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, கடைசித் தட்டு முடியும்வரை எழும்பாதவர்களும் உண்டு. வருகிற இளம் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கொட்டாஞ்சேனையில் வளர்ந்து, அந்தப் பாட்டுகளைப் பத்து வயதில் கேட்டவன் என்ற தகுதியில்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் பிற்பகுதி என்று எந்த ஆண்டுகளைச் சொல்கிறீர்கள்?

1966 தொடக்கம் 1969 முடியும்வரை. 1966 என்று வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு எம்.எஸ்.விஸ்வநாதன் தனியே இசையமைத்த பாட்டுகளில் வேறொரு சத்தம் கேட்கும். பித்தளை வாத்தியங்கள் கூடின, தாளம் துள்ளியது. 1966 பொங்கலுக்கு வந்த ‘அன்பே வா’வின் ‘புதிய வானம் புதிய பூமி’யை ஒருமுறை கேட்டால் நான் சொல்வது விளங்கும். அடுத்த முனையில் 1969. அந்த ஆண்டுதான் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் வந்தது. அதோடு ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது.

அந்த ஆண்டுகளின் பெரிய வெற்றிப் பாட்டுகள் எவை?

முழுப் பட்டியல் போட்டால் ஒரு கொப்பி நிறையும். எங்கள் வீட்டில் உண்மையாகவே அப்படி ஒரு கொப்பி இருந்தது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இப்போதைக்கு, இன்றைக்கும் மேல்மாடியில் தட்டைப் போட்டவுடன் எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்குகிற பாட்டுகளை மட்டும் சொல்கிறேன்.

1966இல் ‘ராமு’வின் ‘நிலவே என்னிடம் நெருங்காதே’. பி.பி.ஸ்ரீனிவாஸ் குரலை உயர்த்தாமலே ஒரு ஆளின் முழுத் துயரத்தையும் சொல்லிவிடுவார். ‘மேஜர் சந்திரகாந்த்’ படத்தின் ‘ஒரு நாள் யாரோ’, பி.சுசீலா.

1967 மிகவும் செழிப்பான ஆண்டு. ஒரே தீபாவளிக்கு ‘ஊட்டி வரை உறவு’, ‘இரு மலர்கள்’ என்று சிவாஜியின் இரண்டு படங்கள், இரண்டுக்கும் எம்.எஸ்.வி. ஒன்றில் ‘தேடினேன் வந்தது’, ‘பூ மாலையில் ஓர் மல்லிகை’. மற்றதில் ‘மாதவிப் பொன் மயிலாள்’. இவை ஒரே மனிதரிடமிருந்து ஒரே காலத்தில் வந்தவை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான். அதே ஆண்டு ‘காவல்காரன்’ படத்தின் ‘நினைத்தேன் வந்தாய் நூறு வயது’, ‘பாமா விஜய’த்தின் ‘வரவு எட்டணா’, ‘அனுபவி ராஜா அனுபவி’யின் ‘முத்துக்குளிக்க வாரீகளா’. கே.வி.மகாதேவனிடமிருந்து ‘திருவருட்செல்வர்’ படத்தின் ‘மன்னவன் வந்தானடி’யும் ‘கந்தன் கருணை’யும். ‘கந்தன் கருணை’க்காகத்தான் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. இந்தியாவில் சிறந்த இசையமைப்பாளர் என்ற தேசிய விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டதே அவருக்குத்தான்.

1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’. ‘நலந்தானா’வையும் ‘மறைந்திருந்தே பார்க்கும்’ பாட்டையும் தனியாகச் சொல்லவே தேவையில்லை. படத்தில் சிவாஜி வாசிப்பதாக வரும் நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள் வாசித்தது. ‘பணமா பாசமா’வின் ‘எலந்தப் பழம்’, ‘உயர்ந்த மனித’னின் ‘அந்த நாள் ஞாபகம்’, ‘எதிர் நீச்சல்’ படத்தின் ‘அடுத்தாத்து அம்புஜத்தைப் பாத்தேளா’, எம்.ஜி.ஆரின் நூறாவது படமான ‘ஒளி விளக்கி’ன் ‘இறைவா உன் மாளிகையில்’ எல்லாம் அந்த ஆண்டுதான்.

1969இல் ‘அடிமைப் பெண்’, ‘சாந்தி நிலையம்’, ‘சிவந்த மண்’, ‘நம் நாடு’, ‘இரு கோடுகள்’. ‘சிவந்த மண்’ணின் ‘பட்டத்து ராணி’யில் சவுக்கடிச் சத்தம் தாளத்தோடு தாளமாக விழும். அந்தச் சத்தம் வரும்போது எங்கள் அம்மம்மா ஒவ்வொரு முறையும் காதைப் பொத்திக்கொள்வார்.

எது ‘ஹிட்’ என்று அப்போது எப்படித் தெரியும்?

வானொலிதான் அளவுகோல். ‘பொங்கும் பூம்புன’லில் காலையில் ஒரு பாட்டு வந்தால் அது புதிது. ‘நீங்கள் கேட்டவை’யில் அதே பாட்டை ஊர் ஊராகப் பெயர் வாசித்துக் கேட்டார்கள் என்றால் அது பிடித்துவிட்டது. ஒரு பாட்டுக்கு முன்னால் வாசிக்கிற பெயர்கள் நீண்டுகொண்டே போகும். அக்கா சலித்துப்போய், “பாட்டைப் போடுங்கோவன்” என்று வானொலிப் பெட்டியோடு கதைப்பாள். அந்தப் பெயர்களில் பருத்தித்துறையும் இருக்கும், பதுளையும் இருக்கும், தமிழ்நாட்டு ஊர்களும் இருக்கும்.

இரண்டாவது அளவுகோல் ஒலிபெருக்கி. கல்யாண வீடு, கோயில் திருவிழா, ஆடிவேல் ஊர்வலம் போகும் நாட்கள். ‘கந்தன் கருணை’யின் ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’ செட்டியார் தெருப் பக்கம் ஒலிபெருக்கியில் வந்த நாளில் அது சினிமாப் பாட்டு என்பதே எனக்குத் தெரியாது. கோயில் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

படம் பார்ப்பது அதற்கெல்லாம் பிறகுதான். ஒரு படம் கொட்டாஞ்சேனை செல்லமஹாலுக்கு வந்து, அப்பாவிடம் காசு வாங்கி, இடம் கிடைத்துப் பார்ப்பதற்குள் பாட்டெல்லாம் மனப்பாடமாகியிருக்கும். பாட்டைக் கேட்டுக் காட்சியை மனதில் கட்டி வைத்திருப்போம். பல தடவை என் மனதில் இருந்த காட்சிதான் படத்தில் வந்ததைவிட வடிவாக இருந்தது.

இந்தியப் பாட்டுகளுக்கு இலங்கை வானொலி ஏன் அவ்வளவு முக்கியமானது?

1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க விரும்பவில்லை. சாஸ்திரிய சங்கீதம் பரவ வேண்டும் என்பது அவர் எண்ணம். இங்கே கொழும்பிலோ 1950இலேயே வர்த்தக சேவை தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமை விட்டுப்போன பலமான சிற்றலை ஒலிபரப்பிக் கருவிகளும் கையில் இருந்தன. ஆகவே மதராசில் பதிவான பாட்டைக் கேட்க மதுரைக்காரர் கொழும்புக்கு முள்ளைத் திருப்பினார். இந்தி நேயர்களுக்கும் இதே கதைதான். அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இங்கிருந்துதான் போனது. 1957இல் இந்தியாவில் சினிமாப் பாட்டுகளைப் போடும் விவித பாரதி என்ற வானொலிச் சேவை வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை.

ஆனால் கருவியும் கொள்கையும் மட்டும் இதற்குக் காரணம் என்று சொன்னால் அந்த அறிவிப்பாளர்களுக்குச் செய்கிற அநியாயம். எஸ்.பி.மயில்வாகனனின் குரலைத் தமிழ்நாட்டில் நடிகர்களின் குரலைப் போல அடையாளம் கண்டார்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அவர் சொல்லும் இரண்டு வரியில் அவசரமும் இருக்காது, இழுவையும் இருக்காது. தமிழை இப்படியும் பேசலாம் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் அவர்கள்.

ஒரு சின்னத் திருத்தம்: 1967 ஜனவரி 5ஆம் திகதி ‘ரேடியோ சிலோன்’ இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. ஆகவே இந்தப் பக்கத்தில் சொல்கிற பெரும்பாலான பாட்டுகள் ஒலிபரப்பானபோது பெயர் ஏற்கெனவே மாறிவிட்டது. சனங்கள் கடைசிவரை இலங்கை வானொலி என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் கண்ணதாசன் எழுதியதுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு முக்கிய காரணமே இந்தக் கேள்விதான்.

அக்காவின் கொப்பியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஒற்றைக்கோட்டுக் கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து நான்கு நிரல்கள் கீறியிருந்தாள்: படம், பாடியவர், இசை, எழுதியவர். வானொலியில் சொல்லச் சொல்ல எழுதுவாள். பென்சிலைத் தேடுவதற்குள் அறிவிப்பு முடிந்துவிடும். பாடியவரைப் பிறகும் குரலில் கண்டுபிடிக்கலாம். இசையையும் ஓரளவு ஊகிக்கலாம். எழுதியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த நிரல் பக்கத்துக்குப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. பின்னாளில் அவளே எல்லாவற்றையும் ‘கண்ணதாசன்’ என்று நிரப்பிவிட்டாள். நல்ல வரி என்றால் அவர்தானே என்ற நம்பிக்கை. ஊர் முழுக்க நடந்ததும் இதுதான். கண்ணதாசன்மேல் இருக்கிற அன்பினால் மற்றவர்களின் உழைப்பை அவர் கணக்கில் எழுதிவிட்டோம்.

கண்ணதாசனுக்கு அது தேவையே இல்லை. 1968ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் முதல்தடவையாகச் சிறந்த பாடலாசிரியர் விருது வைத்தபோது, ‘குழந்தைக்காக’ படத்துக்காக அது அவருக்குத்தான் போனது. ‘ஊட்டி வரை உறவு’ம் ‘தில்லானா’வின் ‘நலந்தானா’வும் அவருடையவை. ‘எலந்தப் பழ’மும் அவர்தான். அதை மட்டும் சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஆனால் ‘மாதவிப் பொன் மயிலாள்’ வாலி எழுதியது. ‘அன்பே வா’ முழுவதும் வாலி. ‘உயர்ந்த மனித’னும் வாலி. ‘நினைத்தேன் வந்தாய்’, ‘இறைவா உன் மாளிகையில்’, ‘அடுத்தாத்து அம்புஜம்’, ‘புன்னகை மன்னன் பூவிழிக் கண்ணன்’ எல்லாம் வாலிதான். ‘ஆயிரம் நிலவே வா’ புலமைப்பித்தன். ‘தாயில்லாமல் நானில்லை’ ஆலங்குடி சோமு. ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’ பூவை செங்குட்டுவன். ‘மறக்க முடியுமா’ படத்தில் சுசீலா பாடிய ‘காகித ஓடம் கடலலை மீது’ கலைஞர் கருணாநிதி எழுதியது.

ஒரு படத்தை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். ‘குடியிருந்த கோயில்’, 1968, எம்.ஜி.ஆர். இரட்டை வேடம். ‘ஆடலுடன் பாடலைக் கேட்டு’ என்ற பஞ்சாபி ஆட்டப் பாட்டு ஆலங்குடி சோமு. ‘நான் யார் நான் யார்’ புலமைப்பித்தனின் முதல் சினிமாப் பாட்டு. ‘குங்குமப் பொட்டின் மங்கலம்’ எழுதியவர் ரோஷனாரா பேகம். குங்குமத்தின் மங்கலத்தை ஒரு ரோஷனாரா பேகம் எழுத, சௌந்தரராஜனும் சுசீலாவும் பாட, நாடெங்கும் கல்யாண வீடுகளில் போட்டார்கள். அந்தப் பாட்டு இப்போதும் நாள்தோறும் எங்கேயாவது ஒலிக்கிறது. அவர் பெயரைச் சொல்கிறவர் எத்தனை பேர்? யாராவது மேல்மாடியில் “கண்ணதாசன் எப்படி எழுதியிருக்கிறார் பாருங்கோ” என்று இந்தப் பாட்டுக்குச் சொன்னால் நான் தட்டை நிறுத்திவிட்டுத் திருத்துவேன். சிலருக்கு அது கொஞ்சம் கடுப்பு. பரவாயில்லை.

ராமமூர்த்தி பிரிந்த பிறகு ஒன்றும் செய்யவில்லையா?

செய்தார், நன்றாகவே செய்தார். மேலே சொன்ன ‘காகித ஓடம்’ அவர் இசை. 1967இல் ‘நான்’ படத்தின் ‘போதுமோ இந்த இடம்’, 1969இல் ‘தங்கச் சுரங்க’த்தின் ‘சந்தனக் குடத்துக்குள்ளே’ எல்லாம் அவருடையவை. படங்கள் குறைந்ததால் பெயர் குறைந்தது. ‘பட்டணத்தில் பூதம்’ செய்த ஆர்.கோவர்த்தனம், பாலசந்தரின் படங்களுக்கு இசையமைத்த வி.குமார் ஆகியோரும் இப்படித்தான் எம்.எஸ்.வி. கணக்கில் விழுகிறார்கள். ‘தாமரைக் கன்னங்கள்’ குமாருடைய பாட்டு.

‘அந்த சிவகாமி மகனிடம்’ காமராசருக்கு எழுதிய தூது என்கிறார்களே, உண்மையா?

பாட்டு ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் வருகிறது, எழுதியவர் கண்ணதாசன். காமராசரின் தாயார் பெயர் சிவகாமி. கதைப்படி அது காதலனுக்கு விடுகிற தூது. தலைவருக்கு விட்ட தூதாகவும் அதைக் கேட்கலாம் என்று அன்றிலிருந்து சனங்கள் கதைத்து வருகிறார்கள். இரண்டு பொருளுக்கும் வரிகள் இடம் கொடுக்கின்றன. அப்பா அதை அரசியல் பாட்டாகத்தான் கேட்டார், அக்கா காதல் பாட்டாகத்தான் கேட்டாள்.

எஸ்.பி.பி.யின் முதல் தமிழ்ப் பாட்டு ‘ஆயிரம் நிலவே வா’தானே?

முதலில் வெளிவந்தது அது. முதலில் பதிவானது வேறு. எம்.எஸ்.வி. இசையில் ‘ஹோட்டல் ரம்பா’ என்ற படத்துக்கு எல்.ஆர்.ஈஸ்வரியோடு பாடினார், அந்தப் படம் வெளிவரவே இல்லை. அடுத்து ‘சாந்தி நிலைய’த்தின் ‘இயற்கை என்னும் இளைய கன்னி’. அதற்குப் பிறகு ‘அடிமைப் பெண்’ணுக்காகக் கே.வி.மகாதேவன் கூப்பிட்டார். 1969 மே மாதத் தொடக்கத்தில் ‘அடிமைப் பெண்’ வெளியாகிவிட்டது, ‘சாந்தி நிலையம்’ அதே மாதம் சற்றுப் பிந்தி வந்தது. அதனால் ஊருக்கு முதல் பாட்டு ‘ஆயிரம் நிலவே’ ஆயிற்று.

அந்தப் பாட்டைப் பாட வேண்டிய நேரத்தில் அவருக்குத் தைபோயிட்டு காய்ச்சல். வேறு ஒருவரை வைத்துப் பாடியிருக்கலாம். எம்.ஜி.ஆர். அவர் சுகமாகும்வரை காத்திருந்தார். பாடப் போகிறேன் என்று இந்தப் பிள்ளை எல்லோரிடமும் சொல்லியிருப்பான், இப்போது மாற்றினால் அவன் மனம் என்னாகும் என்று நினைத்தாராம். பாலு இதைத் தன் வாழ்நாள் முழுவதும் மேடைகளில் நன்றியோடு சொன்னார். நாவலப்பிட்டியில் பிறந்தவர் எங்கள் எம்.ஜி.ஆர். என்று இங்கே பெருமைப்படுகிறவர்கள் இந்த ஒரு செயலையும் சேர்த்து நினைக்கலாம்.

எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடியது ஒரே ஆளா?

ஆம், டி.எம்.சௌந்தரராஜன். சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து கனமாக வரும், எம்.ஜி.ஆருக்குச் சற்று மேலே ஏறி மூக்கோடு சேர்ந்து வரும். 1968இன் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்: ‘அந்த நாள் ஞாபகம்’, ‘ஆடலுடன் பாடலைக் கேட்டு’. முதலாவதில் ஓடிக் களைத்த ஒரு நடுத்தர வயது மனிதன் மூச்சு வாங்கிக்கொண்டே பாடுகிறான். குரலிலேயே அந்த மூச்சைக் கொண்டுவந்திருக்கிறார். 1967 ஜனவரியில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எம்.ஜி.ஆரின் பேச்சுக்குரல் மாறிவிட்டது. ‘காவல்கார’னில் வசனம் வரும்போது அது தெரியும். பாட்டு தொடங்கியதும் பழைய எம்.ஜி.ஆர். திரும்பி வந்துவிடுவார்.

பெண் குரல்களில்?

சுசீலா, ஈஸ்வரி, ஜானகி, ஜமுனாராணி. 1968 படங்களுக்கான தேசிய விருதில் முதலாவது சிறந்த பின்னணிப் பாடகியாகச் சுசீலா வந்தது ‘உயர்ந்த மனித’னின் ‘நாளை இந்த வேளை பார்த்து’ பாட்டுக்காக. ஈஸ்வரிக்கு எப்போதும் இரண்டாம் இடம் கொடுத்துக் கதைப்பது எனக்குப் பிடிக்காது. ‘எலந்தப் பழ’த்தை வேறு யார் பாடியிருந்தாலும் இத்தனை ஆண்டு நின்றிருக்காது. ‘அம்மா என்றால் அன்பு’ பாடியவர் நடிகை ஜெயலலிதாவேதான்.

பிறந்தநாள் நிகழ்ச்சியில் போடுவார்களே, அந்தப் பாட்டு எந்தப் படம்?

‘பிறந்தநாள் இன்று பிறந்தநாள்’. 1966இல் வந்த ‘நாம் மூவர்’. படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பாட்டு தெரியாத தமிழ்க் குடும்பம் இந்தத் தீவில் இருக்க முடியாது, அதற்குக் காரணம் வானொலியின் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிதான்.

‘சுராங்கனி’யும் அந்தக் காலம்தானே? எங்கள் ஊர்ப் பாட்டுகளை ஏன் சொல்லவில்லை?

‘சுராங்கனி’ எழுபதுகள். ஏ.ஈ.மனோகரன் அதைப் பரப்பினார், 1977இல் இளையராஜா ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் எடுத்துக்கொண்டார். அறுபதுகளின் பிற்பகுதிக்கு உரியவர் நித்தி கனகரத்தினம். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று கிற்றாரோடு அவர் பாடியதுதான் எங்கள் தமிழ்ப் பொப்பிசையின் தொடக்கம். பைலாத் தாளம், யாழ்ப்பாணத்துப் பேச்சு. சினிமாப் பாட்டின் செந்தமிழுக்குப் பழகிய காதுக்கு, வீட்டில் கதைக்கிற தமிழ் பாட்டாக வந்தது பெரிய சந்தோஷம்.

சிங்களப் பக்கத்திலும் அதே காலத்தில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு கிற்றாரைக் கையில் எடுத்தார்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரு வீட்டில் அது, அடுத்த வீட்டில் மொஹிதீன் பேக், எங்கள் வீட்டில் சுசீலா. மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்தவர், சிங்களத்தில் பௌத்த பக்திப் பாடல்கள் பாடி இந்த நாட்டின் குரலாகவே ஆனவர். 1969 முடியும்போது ‘ஆராதனா’ என்ற இந்திப் படம் வந்து எல்லோர் வீட்டிலும் கிஷோர் குமாராக்கிவிட்டது.

படத்தில் கேட்கிற பாட்டும் தட்டில் கேட்கிற பாட்டும் ஏன் வித்தியாசமாக இருக்கின்றன?

இடம் போதாததால். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் மாதிரித்தான் பிடிக்கும். நீளமான பாட்டென்றால் பாதியில் நிறுத்தித் தட்டைப் புரட்ட வேண்டும். அறுபதுகளின் இறுதியில் ஈ.பி. என்ற சின்னத் தட்டுகள் அந்த இடத்தைப் பிடித்தன, 45 சுற்று, நான்கு பாட்டு. அதிலும் வெட்டு உண்டு. ஒரு சரணம் போகும், அல்லது நடுவில் வரும் வாத்திய இசை சுருங்கும். நாங்கள் வானொலியில் கேட்டது தட்டின் பாட்டு. அதனால் படம் பார்க்கும்போது தெரியாத ஒரு சரணம் திடீரென்று வந்து இன்ப அதிர்ச்சி கொடுக்கும்.

அப்பாவின் பழைய தட்டுகள் வீட்டில் இருக்கின்றன. என்ன செய்வது?

முதலில் படுக்கவைத்து அடுக்கியிருந்தால் எடுத்து நிமிர்த்தி வையுங்கள். பாரத்தில் வளைந்துவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்று ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஈ.பி. தட்டென்றால் வடிநீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்கலாம். நடுத்தாள் நனையக்கூடாது. 78 சுற்றுத் தட்டில் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு. ஈ.பி. ஊசியில் 78ஐப் போட்டால் சத்தமும் சரியாக வராது, தட்டும் கெடும்.

இரவல் கொடுக்கும்போது யோசித்துக் கொடுங்கள். என்னுடைய ‘இரு மலர்கள்’ ஈ.பி.யை ஒரு விழாவுக்கென்று வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது ‘மாதவிப் பொன் மயிலாள்’ நடுவே ஓரத்திலிருந்து மையம்வரை ஒரே கீறல். இப்போது சௌந்தரராஜன் அந்த இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தடக்கித்தான் போகிறார். அது அப்பா 1968இல் சம்பளக் காசில் வாங்கியது.

விற்றால் விலை கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: சில தட்டுகளுக்குக் கிடைக்கும். விற்பதற்கு முன் ஒருமுறை போட்டுக் கேளுங்கள், அவ்வளவுதான் நான் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

‘வரவு எட்டணா’. எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும், தாளமும் பிடிக்கும். அப்புறம் ‘முத்துக்குளிக்க வாரீகளா’, அந்தத் தூத்துக்குடிப் பேச்சுக்காகவே. ‘நலந்தானா’ பிறகு வரட்டும். அதை நாதஸ்வரத்தோடு முழுதாகக் கேட்கப் பொறுமை வேண்டும். காயம்பட்ட ஒரு கலைஞனிடம் சபை நடுவே சுகம் விசாரிக்கிறாள் அவள், கேட்கக்கூடாத இடத்தில் கேட்கிறாள் என்ற நிலைமையையும் பிள்ளைக்கு முதலே சொல்லிவிட வேண்டும்.

பாட்டை எழுதியவர் யாரென்று நிச்சயமாகத் தெரிந்துகொள்வது எப்படி?

கைபேசியில் வருகிற செய்திகளை நம்பாதீர்கள். படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களைப் பாருங்கள். ஒரே ஒருவர் பெயர் இருந்தால் பிரச்சினை இல்லை. பல பெயர் இருந்தால் தட்டின் நடுத்தாளையும் உறையின் பின்பக்கத்தையும் பாருங்கள். அடுத்தது தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். கதைச்சுருக்கம் போட்டு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியுமே, அதுதான். பழைய பேப்பர்க் கடைகளில் இன்னும் அகப்படுகிறது. பாடலாசிரியர்களே எழுதி வெளியிட்ட பாடல் தொகுப்புகளும் இருக்கின்றன, அவை நல்ல சாட்சி.

அக்கா இப்போது டொரொண்டோவில் இருக்கிறாள். கொப்பி என்னிடம். அவள் கண்ணதாசன் என்று எழுதிய இடங்களில் பிழையானதை ஒரு கோடு மட்டும் கீறி, பக்கத்தில் சரியான பெயரைப் பென்சிலால் எழுதுகிறேன். அவளுடைய கையெழுத்து மறையாமல் பார்த்துக்கொள்கிறேன். ‘குடியிருந்த கோயில்’ பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே தொலைபேசி எடுத்தாள். “ரோஷனாரா பேகமா? ஐயோ, எத்தனை வருசம் பிழையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்” என்றாள். பிறகு அடுத்த பக்கத்தையும் அனுப்பச் சொன்னாள். அதில் இன்னும் ஆறு பாட்டு பார்க்க இருக்கிறது.